சட்டைக் கையை மடக்கச் சொல்லுங்கள்: நோயாளி உடம்பில் பச்சை குத்தியிருந்தால் என்ன பார்க்க வேண்டும்?

"புருஷன் பேரு என்ன பாட்டி?"

பாட்டி வாயைத் திறக்கவில்லை. இடது கையைத் திருப்பி என் முன்னால் நீட்டினார். முன்கையில் மங்கிப்போன எழுத்துகளில் ஒரு பெயர் இருந்தது. புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அது. அந்தப் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டே கொஞ்சம் கீழே பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுருங்கிய தழும்பு. கேட்டதற்கு, "காமாலைக்குச் சூடு போட்டது சாமி" என்றார். வயிறு வீங்கி இரண்டு மாதமாம், அதற்காகத்தான் வந்திருந்தார். சின்ன வயதில் வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ வகைதான், வந்து போய்விடும். ஆனால் ஒரே கையில் பச்சை ஊசியும் காமாலைச் சூடும் இருக்கும்போது ரத்தம் வழியாகப் பரவும் ஈரல் வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் பார்க்காமல் விடக் கூடாது. பார்த்தோம். பி பாசிட்டிவ்.

புதிதாக டியூட்டிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் நர்சிங் மாணவர்களுக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். நாடி பிடிக்கும்போதே முன்கையைப் படித்துவிடுங்கள். நோயாளி சொல்ல மறந்ததும், சொல்ல விரும்பாததும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பதும் அங்கே இருக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பச்சையைப் பார்த்து நோயைத் தீர்மானிக்க முடியாது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தீர்மானிக்கலாம்.

முதலில், வெளிச்சத்தில் பாருங்கள்

டியூப்லைட்டில் பழைய பச்சை பாதி தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லுங்கள். முழுக்கைச் சட்டை என்றால் மடக்கச் சொல்லுங்கள். நெஞ்சு, முதுகு, கணுக்கால் என்று மற்ற இடங்களை எப்படியும் பரிசோதிக்கத்தான் போகிறீர்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். பெண் நோயாளி என்றால் கூட ஒரு பெண் ஊழியர் இருக்கட்டும். "என்ன டிசைன் இது?" என்று சாதாரணமாக ஆரம்பித்தால் எல்லோருமே பேசுவார்கள். "இதெல்லாம் எதுக்குக் குத்துன?" என்று ஆரம்பித்தால் அத்தோடு வாய் மூடிவிடும்.

ஊசி மையைத் தோலின் மேலடுக்கில் விடுவதில்லை, அதற்குக் கீழே விடுகிறது. அங்கே உடம்பின் காவல் செல்கள் மைத்துகள்களை விழுங்கிவிட்டு, செரிக்க முடியாமல் அப்படியே வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் செத்தால் அது விட்ட மையை அடுத்தது எடுத்துக்கொள்கிறது. அழியாமல் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். உள்ளே இருப்பது வெறும் கரி, கறுப்பு நிறம். தோல் வழியாகப் பார்க்கும்போதுதான் அது நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. நம் ஆட்கள் 'கறுப்பு குத்துவது' என்று சொல்லாமல் 'பச்சை' என்று பெயர் வைத்ததும் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் இருக்கும்.

கோடு தடித்து, மங்கி, ஓரம் கலங்கியிருந்தால் கையால் குத்திய பழைய வேலை. புள்ளிகள் ஒரே ஆழத்தில் இல்லாமல், எழுத்து கோணலாக இருந்தால் சிறையிலோ ஹாஸ்டலிலோ நண்பர்கள் குத்தியதாக இருக்கலாம். கோடு கூர்மையாக, நிழல் கொடுத்து, பல நிறத்தில் இருந்தால் கடையில் மெஷினால் போட்டது.

பிறகு மூன்று கேள்விகள்

எப்போது குத்தியது? யார் குத்தியது? அன்றைக்கு அதே ஊசியில் எத்தனை பேர்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. கிராமத்தில் பச்சை குத்துவது தனியாள் காரியமாக இருந்ததில்லை. பச்சை குத்தும் குறவர் இனப் பெண் தெருவுக்கு வந்தால் அக்கா, தங்கை, பக்கத்து வீட்டுப் பெண் என்று ஒரே திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து குத்திக்கொள்வார்கள். மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் சுற்றித் திரியாக்கி, எரித்து, அந்தக் கரியைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து மை செய்தார்கள். அந்த மையால் பெரிய தொந்தரவு வந்ததாகத் தெரியவில்லை. ஆபத்து ஊசியில் இருந்தது. இரண்டு மூன்று ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போனால், ரத்தமும் கூடவே போகும்.

எம்.ஜி.ஆர். காலத்தில் கட்சிக் கொடியையும் இரட்டை இலையையும் கையில் குத்திக்கொண்ட தொண்டர்கள் இன்றைக்கு நம் ஓ.பி.யில் முதியவர்கள். கோயில் திருவிழாவில் பத்து ரூபாய்க்குப் பெயர் குத்திக்கொண்டவர்கள் அவர்களுக்கு அடுத்த வரிசை. ஹெபடைடிஸ் சி வைரஸையே 1989இல்தான் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது சென்னையில், 1986இல். அதற்கு முன் குத்திக்கொண்டவரிடம், "ஊசி புதுசா?" என்று ஏன் கேட்கவில்லை என்று நாம் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

எனவே திருவிழாவிலோ வீட்டிலோ சிறையிலோ குத்தியது என்றால் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தம் அனுப்புங்கள். காமாலை, வயிற்று நீர், காலில் வீக்கம், காரணம் தெரியாத சோர்வு, கூடிப்போன ஈரல் என்சைம் ஏதாவது இருந்தால் தாமதிக்கவே வேண்டாம். சி வகைக்கு இப்போது மாத்திரை உண்டு. பெரும்பாலோருக்கு 12 வாரம் சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் சிகிச்சை இலவசம். அதனால் கண்டுபிடிப்பது வீண் வேலை இல்லை.

எச்.ஐ.வி. பரிசோதனை தனி விஷயம். பச்சையைப் பார்த்துவிட்டு மற்ற டெஸ்ட்டுகளோடு அதையும் சத்தமில்லாமல் டிக் செய்யக் கூடாது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயாளியின் ஒப்புதல் வேண்டும், முடிவை ரகசியமாகக் காக்க வேண்டும். மருத்துவமனையிலேயே இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள், ஆலோசகர் பேசிவிட்டுத்தான் ரத்தம் எடுப்பார். மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் பச்சை மூலம் எச்.ஐ.வி. வருவது அரிது. அதையும் சொல்லி அனுப்புங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

குத்தி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் இன்றைய நெகட்டிவ் முடிவை இறுதி என்று சொல்லிவிடாதீர்கள். பி வைரஸ் வெளியே தெரிய ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரை ஆகலாம். ரத்த தானத்துக்கு வருபவர் என்றால் இந்திய விதிப்படி குத்திய நாளிலிருந்து 12 மாதம் காத்திருக்க வேண்டும். கல்லூரி ரத்த தான முகாமில் இதனாலேயே முகம் வாடித் திரும்பும் பையன்கள் உண்டு. அடுத்த வருடம் வா தம்பி என்று சிரித்துக்கொண்டே அனுப்புங்கள், வருவான்.

விரலால் தடவாமல் விடாதீர்கள்

புதியவர்கள் தவறவிடுவது இங்கேதான். பார்ப்பார்கள், தொட மாட்டார்கள்.

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். கட்டட வேலை செய்யும் ஒரு அண்ணன், நாற்பது வயதுக்கு மேல். முன்கையில் பழைய வேல் டிசைன். அதைச் சுற்றிலும் தோல் கொஞ்சம் வெளுத்து, வறண்டு இருந்தது. படர்தாமரை என்று நினைத்து ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அதே கையில் சுண்டுவிரல் ஓரம் தீப்புண்ணோடு வந்தார். எப்படி என்று கேட்டால், "பீடி சுட்டிருக்குங்க, தெரியவே இல்ல" என்றார். முழங்கை உள்பக்கம் தடவினேன். சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. வெளுத்த இடத்தில் பஞ்சால் தொட்டேன், தெரியவில்லை என்றார். சுவரில் 'உணர்ச்சியற்ற தேமல்' என்று எழுதி ஒட்டிய போஸ்டரைப் பார்த்துக்கொண்டேதான் அந்த முதல் சீட்டை எழுதியிருக்கிறேன்.

தொழுநோய்க் கிருமி பச்சை ஊசியோடு உள்ளே போய், பத்து இருபது வருடம் கழித்துச் சரியாகப் பச்சை இருக்கும் இடத்திலேயே தேமலாக எழும்பிய நோயாளிகளைப் பற்றி இந்தியாவில் தோல் மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். குறிப்பாகச் சத்தீஸ்கர் பக்கத்திலிருந்து. அங்கே 'கோத்னா' என்று பெண்கள் கை, கால் நிறையக் குத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. நம் ஊர் அண்ணனுக்குப் பச்சையால் வந்ததா, பச்சை இருந்த இடத்தில் தற்செயலாக வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. எப்படி வந்திருந்தாலும் செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்றுதான்.

செய்முறை இது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பஞ்சை நூலாகத் திரித்து, முதலில் நல்ல தோலில் தொட்டு, "இப்படித் தெரிஞ்சா அந்த இடத்தை விரலால காட்டுங்க" என்று பழக்குங்கள். பிறகு பச்சைக் கோட்டின் மேலும், கோடுகளுக்கு இடையிலும், வெளுத்த ஓரத்திலும் தொடுங்கள். பஞ்சு இல்லையென்றால் பால்பாயின்ட் பேனா முனை போதும். இழுக்கக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். அடுத்து முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்பக்கம் மூன்றிலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று இரு பக்கமும் ஒப்பிட்டுத் தடவுங்கள். சந்தேகம் வந்தால் தோல் பிரிவுக்கு அனுப்புங்கள். மருந்து இலவசம், ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் குணமாகும்.

தடவும்போது மேடாகத் தட்டுப்படுவது வேறு கதை. ஒரு நிறத்தில் மட்டும் மேடு, அரிப்பு என்றால் மை ஒவ்வாமை. பெரும்பாலும் சிவப்புதான் குற்றவாளி. பழைய சிவப்பு மையில் பாதரசம் கலந்த தாது இருந்தது. இப்போதைய சிவப்பு மைகளில் வேறு ரசாயனச் சாயங்கள், ஆனாலும் சிவப்புக்கு அந்தக் கெட்ட பெயர் போகவில்லை. வெயிலில் போனால் மட்டும் மஞ்சள் பகுதி தடிக்கிறது என்றால் காட்மியம் கலந்த மையாக இருக்கலாம். பச்சைக் கோடு போன வழியிலேயே செதில் செதிலாக வந்தால் சோரியாசிஸ், ஊதா நிறத்தில் தட்டையான பருக்கள் என்றால் லைக்கன் பிளேனஸ். தோல் எங்கே காயம்படுகிறதோ அங்கே எழும்பும் குணம் இரண்டுக்கும் உண்டு. கோடு பக்கத்தில் மரு முளைத்திருந்தால் அது ஊசியோடு வந்த வைரஸாக இருக்கலாம். கறுப்பு மைக்குள் மரு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

சிவந்த, பழுப்பேறிய படை மெதுவாகப் பரவி வருகிறதா? ஒரு கண்ணாடி ஸ்லைடை வைத்து அழுத்துங்கள். சிவப்பு போய், பழுப்பு மஞ்சள் புள்ளிகள் மட்டும் நின்றால் தோல் காசநோயையும், உடம்பில் பல இடத்தில் அழற்சி முடிச்சுகளை எழுப்பும் சார்க்காய்டோசிஸையும் நினைக்க வேண்டும். காசநோய்க் கிருமியும் பச்சை ஊசியில் போயிருக்கிறது.

இந்தச் சார்க்காய்டோசிஸ் நினைவில் வையுங்கள். பத்து வருடம் சும்மா இருந்த கறுப்புப் பச்சை திடீரென்று வீங்குகிறது. ஒன்று மட்டும் இல்லை, வேறு வேறு காலத்தில் குத்திய எல்லாமே ஒரே சமயத்தில். அப்போது கோளாறு மையில் இல்லை, ஆளின் உடம்பில். இருமல், மூச்சு வாங்கல் கேளுங்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். கண் சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசுகிறது என்றால் அன்றைக்கே கண் மருத்துவருக்கு அனுப்புங்கள். பச்சை வீங்குவதும் கண்ணின் உள்ளே அழற்சி வருவதும் சேர்ந்து வரும் ஒரு நிலை உண்டு. தோல் களிம்பு எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டால் பார்வை போய்விடலாம்.

புதுப் பச்சை, காய்ச்சல்

குத்தி இரண்டு மூன்று நாளில் சிவந்து, சுட்டு, சீழ் வைத்தால் சாதாரணப் புண் கிருமிகள். டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். காய்ச்சலோடு வந்தவருக்கு இதயத்தில் வால்வுக் கோளாறு இருந்தால், ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கவனமாகக் கேளுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்னால் பிளட் கல்ச்சர் எடுத்துவிடுங்கள்.

ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, சாம்பல் நிழல் கொடுத்த பகுதியில் மட்டும் சின்னச் சின்ன சிவப்புப் பருக்கள் வந்து, வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அடங்கவில்லையா? அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் 2011-12இல் இப்படித்தான் வந்தது. கடை சுத்தமாகவே இருந்தது. கறுப்பு மையை நீர் கலந்து சாம்பலாக்கி விற்ற இடத்திலேயே, காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தமான மைக்கோபாக்டீரியம் செலோனே உள்ளே போயிருந்தது. ஆகவே "நல்ல கடைங்க, புது ஊசிதான்" என்று நோயாளி சொன்னாலும் மையைப் பற்றியும் கேளுங்கள். தண்ணீர் கலந்தார்களா, என்ன தண்ணீர்?

ஈரல் கெட்டவர்கள் புதுப் பச்சையோடு கடலில் குளிக்கக் கூடாது. டெக்சாஸில் ஈரல் நோய் இருந்த 31 வயதுக்காரர் கெண்டைக்காலில் பச்சை குத்தி ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல் கிருமி புண் வழியாக ஏறி, இரண்டு மாதத்தில் இறந்துபோனார். வார இறுதியில் பச்சை குத்திவிட்டு மகாபலிபுரம் போகும் கூட்டத்தில் குடிப்பழக்கம் உள்ளவர்கள் இருந்தால் இதைக் காதில் போட்டு வையுங்கள்.

டாக்டர்கள் குத்திய புள்ளிகள்

மூச்சு வாங்குகிறது என்று வந்த ஒரு அம்மாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும்போது மூன்று கருநீலப் புள்ளிகள் தெரிந்தன. நடுநெஞ்சில் ஒன்று, இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று. கடுகளவுதான். மச்சம் என்று நினைத்துத் தாண்டிவிடுவது சுலபம். ஆனால் மூன்றும் அளந்து வைத்த மாதிரி ஒரே மட்டத்தில் இருந்தன.

"இது என்னம்மா?"

"கரண்ட் வெச்சப்ப போட்டதுங்க."

கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்த பெயர் 'கரண்ட் வைப்பது'. தினமும் அதே கோணத்தில் படுக்க வைத்து, கதிர் அதே இடத்தில் விழுவதற்காக ஊசி முனையால் வைக்கும் அடையாளப் புள்ளிகள் இவை. சீட்டில் 'முன்நோய் எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது. "வேற ஏதாவது வியாதி இருக்கா?" என்று கேட்டிருப்பார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் சரியான மார்புப் புற்றுநோயை அவர் 'இருக்கும் வியாதி' என்று எப்படிச் சொல்வார்?

புள்ளிகளைப் பார்த்தால் என்ன கட்டி, எந்த வருடம், எந்தப் பக்கம், கீமோ கொடுத்தார்களா என்று கேளுங்கள். மார்பில் கதிர் பட்டவருக்கு வருடங்கள் கழித்து இதய நோய் வரலாம், நுரையீரலில் தழும்பு இருக்கலாம். கழுத்தில் பட்டவருக்குத் தைராய்டு குறையலாம். அடிவயிற்றில் பட்ட பெண்மணி பல வருடம் கழித்து மலத்தில் ரத்தம் போகிறது என்று வந்தால் வெறும் மூலம் என்று அனுப்பாதீர்கள். மார்பு அறுவை செய்த பக்கத்துக் கை வீங்கியிருக்கிறதா பாருங்கள், ஊசியையும் பி.பி. பட்டையையும் மறுகையில் வைப்பதுதான் பல வார்டுகளில் வழக்கம். மார்பை எடுத்துவிட்டுப் புதிதாக அமைத்தவர்களுக்குக் காம்பின் நிறத்தையே பச்சையாகக் குத்துவதுண்டு. உதட்டில் வெண்புள்ளி இருந்தவர்களுக்கும் அப்படியே.

ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்குள் கிடைத்த ஏட்சி என்ற மனிதர், சுமார் 5300 வருடத்துக்கு முன் வாழ்ந்தவர். அவர் உடம்பில் 61 பச்சைக் கோடுகள் எண்ணப்பட்டன. பல, இடுப்பு, முழங்கால், கணுக்கால் பக்கம். அங்கெல்லாம் எலும்பு தேய்ந்தும் இருந்தது. வலிக்கு வைத்தியமாகக் குத்தியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அலங்காரம் எதுவும் இல்லாமல் ஒரு மூட்டைச் சுற்றி மட்டும் புள்ளிகள் இருக்கும் ஒரு தாத்தாவைப் பார்த்தால், "இங்க வலிச்சுதா?" என்று நான் கேட்பது ஏட்சியின் நினைவில்தான்.

எழுதியிருப்பதைப் படியுங்கள், உடனே நம்பிவிடாதீர்கள்

'டயபடிக்', 'பென்சிலின் அலர்ஜி' என்று மணிக்கட்டில் குத்திக்கொள்பவர்கள் வெளிநாட்டில் அதிகம், இங்கேயும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். மயங்கிக் கிடப்பவர் கையில் பென்சிலின் ஆகாது என்று எழுதியிருந்தால் நம்புங்கள், வேறு மருந்து கொடுப்பதால் பெரும்பாலும் நஷ்டமில்லை. சர்க்கரை நோய் என்று இருந்தால் முதல் வேலையாக விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். பச்சை இல்லாவிட்டாலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

ரத்த வகையை மட்டும் நம்பவே கூடாது. ஹிட்லரின் வாஃபன் எஸ்.எஸ். படையினர் இடது அக்குள் அருகே குத்திக்கொண்டதும், 1950களில் அமெரிக்காவின் இண்டியானாவிலும் யூட்டாவிலும் அணுகுண்டுப் பயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடக் குத்தியதும் வரலாறு. தப்பாகக் குத்தப்பட்ட ஒரு எழுத்தை நம்பி ஏற்றிய ரத்தம் ஆளைக் கொன்றுவிடும். எவ்வளவு அவசரம் என்றாலும் சாம்பிள் எடுத்து ரத்த வங்கிக்கு அனுப்புங்கள். அதற்கும் நேரமில்லாதபோது என்ன ரத்தம் கொடுப்பது என்பதற்குத் தனி விதி உண்டு, அந்த விதியில் பச்சைக்கு இடமில்லை.

'உயிர்ப்பிக்க முயல வேண்டாம்' என்று நெஞ்சில் எழுதியிருந்தால்? மயாமியில் 2017இல் வெளியான நிகழ்வு இது. நினைவில்லாமல் வந்த 70 வயதுக்காரரின் நெஞ்சில் அந்த வாசகம், 'வேண்டாம்' என்பதற்குக் கீழே கோடு, அதற்கும் கீழே கையெழுத்து. மருத்துவர்கள் முதலில் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள், பிறகு நெறிமுறை ஆலோசகரைக் கூப்பிட்டார்கள். கடைசியில் அவர் முறையாகப் பதிந்த பத்திரமும் கிடைத்தது, பச்சை சொன்னது உண்மைதான். ஆனால் 2012இல் கலிபோர்னியாவில் இன்னொருவர். அவர் நெஞ்சிலும் அதே வாசகத்தின் மூன்றெழுத்துச் சுருக்கம் (டி.என்.ஆர்.) இருந்தது. விழித்திருந்ததால் கேட்க முடிந்தது. இளவயதில் சீட்டாட்டத்தில் தோற்ற பந்தயத்துக்காகக் குத்தியதாம், தன்னைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்றார்.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018இல் உயில்போன்ற முன்விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து என்று வைத்தது. தோலில் எழுதியது அந்தக் கணக்கில் சேராது. நெஞ்சை அமுக்கத் தொடங்குங்கள், சீனியரைக் கூப்பிடுங்கள், உறவினரிடம் காகிதம் இருக்கிறதா கேளுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில்.

பேர் தெரியாமல் 108இல் வரும் நோயாளிக்குப் பச்சையே முகவரி. ஒடியா எழுத்தா, தெலுங்கா, ஹிந்தியா என்று பார்த்தால் யாரைக் கூப்பிட்டுப் பேசவைப்பது என்று தெரியும். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துப் பழங்குடிப் பகுதி என்று தெரியவந்து, காய்ச்சலும் வெளிறலும் இருந்தால் மூளை மலேரியாவையும் அரிவாள் செல் ரத்தசோகையையும் முதல் வரிசையில் வையுங்கள்.

மறைக்கக் குத்தியவை

பெரிய டிசைனுக்குக் கீழே தோல் வரிவரியாகத் தட்டுப்படுகிறதா? இடது முன்கையில், இணையாக, பிளேடு போட்ட தழும்புகளாக இருக்கலாம். முழங்கை மடிப்பில், வேறு எங்கும் இல்லாமல், நரம்பு மேலேயே ஒரு சின்னப் பச்சை என்றால் ஊசிப் போதைத் தடத்தை மறைப்பதாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை அழுத்திப் படியுங்கள். அந்த இடத்தில் அழகுக்காகக் குத்தியவர்களும் நிறைய.

மணிக்கட்டில் அரைப்புள்ளி மட்டும் குத்திய கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். 2013இல் அமெரிக்காவில் ஏமி புளூவல் என்பவர் தொடங்கிய இயக்கத்தின் அடையாளம் அது. முற்றுப்புள்ளி வைக்கக்கூடிய இடத்தில் வைக்காமல் வாக்கியத்தைத் தொடர்வது என்று பொருள். ஃபேஷனுக்கும் குத்துகிறார்கள். ஆனால் பலருக்கு அது, செத்துவிடலாம் என்று நினைத்துக் கடந்து வந்த நாளின் நினைவு. வாந்தி, தலைவலி என்று வந்திருந்தாலும், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "இது எதுக்காகப் போட்டதும்மா?" என்று கேளுங்கள். பதில் வந்தால், "இப்பவும் அந்த நினைப்பு வருதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனநலப் பிரிவுக்குக் கையோடு அழைத்துப் போங்கள். இரவில் பேச டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

போலீஸ், ராணுவத் தேர்வுக்கு முன் பச்சையை அழிக்கிறேன் என்று சுண்ணாம்பும் ஆசிட்டும் வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வரும் பையன்களும் உண்டு. தீக்காயம் என்றுதான் சொல்வார்கள்.

நம் கருவிகளை ஏமாற்றுபவை

விரல் நுனியில் கறுப்பு மெஹந்தி அடர்த்தியாக இருந்தால் பல்ஸ் ஆக்சிமீட்டர் தடுமாறலாம். வேறு விரலிலோ காது மடலிலோ மாட்டுங்கள். கறுப்பு மெஹந்தியில் கலக்கும் ஹேர் டை ரசாயனம் சிலருக்குக் கொப்புளம் கிளப்பும். அவர்கள் வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயத்துக்கும் பயப்பட வேண்டும். அரைத்து வைக்கும் மருதாணியால் பொதுவாகத் தொல்லை இல்லை. ஆனால் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள கைக்குழந்தைக்குப் பூசினால் ரத்த அணுக்கள் உடையலாம், மஞ்சளாகிப்போகும் குழந்தையின் உள்ளங்காலையும் பாருங்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு முன் பச்சையைப் பற்றிக் கேட்பது வழக்கம். மையில் இரும்பு இருந்தால் சூடாகலாம் என்ற பயம். லண்டனில் 330 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது, ஒரே ஒருவருக்குத்தான் பச்சை தொடர்பான லேசான தொந்தரவு. எனவே ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள், எரிந்தால் பெல்லை அழுத்தச் சொன்னால் போதும். அக்குளில் நெறிக்கட்டி இருக்கும் பெண்ணின் கையில் பச்சை இருந்தால் அதைச் சர்ஜனிடம் சொல்லுங்கள். மை நெறிக்கட்டிக்குப் போய்த் தேங்கும், அறுத்துப் பார்த்தால் கறுப்பாக இருக்கும், பார்த்தவுடன் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பரவியது போலத் தோன்றும். பயாப்சி சீட்டில் 'கையில் பச்சை உண்டு' என்ற ஒரு வரி போதாலஜி மருத்துவருக்குப் பெரிய உதவி.

கேஸ் ஷீட்டில் எப்படி எழுதுவது

'பச்சை உண்டு' என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். இப்படி எழுதுங்கள்: 'இடது முன்கை உள்பக்கம், மணிக்கட்டுக்கு மேல் 6 செ.மீ., நீல நிறத்தில் தேள் உருவம், 4 × 3 செ.மீ., சுமார் 30 வருடத்துக்கு முன் ஊர்த் திருவிழாவில், பலருக்கும் ஒரே ஊசி. மேடு இல்லை, உணர்ச்சி இயல்பு.' நாளைக்கு மேடு வந்தால் இன்றைக்கு இல்லை என்பது தெரியும்.

விபத்து, அடிதடி கேஸ் என்றால் ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேடு) அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும். மச்சத்தை விடப் பச்சை நல்லது. அழுகிப்போன உடலிலும் மேல்தோலை ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் பச்சை தெளிவாகத் தெரியும் என்று தடயவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள், அது உண்மை. எழுத்துப் பிழையோடு குத்தியிருந்தால் பிழையோடே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

போட்டோ எடுப்பதாக இருந்தால் நோயாளியின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பேட்ச் வாட்ஸப் குரூப்பில் போடும்போது முகத்தை மறைத்துவிட்டோமே என்று நினைக்காதீர்கள். அந்தத் தேளையும் அதன் பக்கத்தில் இருக்கும் பெயரையும் பார்த்தே அவர் ஊரில் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.